நடராஜர் படத்தில் காலடியில் கிடப்பவர் யார்? சுவரில் மாட்டும் பழைய படங்களும் மாற்றுத்திறனாளிகளும்

புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் முடிந்ததும் ஹாலில் முதலில் மாட்டப்படும் படங்களில் ஒன்று நடராஜர். எருமப்பட்டி பக்கம் கோழிப்பண்ணை ஆபீஸிலும் பார்க்கலாம், நாமக்கல் லாரி பட்டறையிலும் பார்க்கலாம். காலண்டராக, கேன்வாஸ் பிரிண்ட்டாக, மெட்டல் டெக்கராக, சுவரில் ஒட்டும் ஸ்டிக்கராக இப்போது ஆன்லைனிலும் விற்பனை ஆகிறது.

அந்தப் படத்தில் விரிந்த சடை, கையில் தீ, தூக்கிய கால் என எல்லாவற்றையும் பார்த்திருப்போம். ஊன்றிய காலுக்குக் கீழே ஒரு குட்டி உருவம் கிடக்கிறதே, அதை உற்றுப் பார்த்திருக்கிறோமா? யார் அது? அதற்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கதையின் ஒரு முக்கியமான பகுதி கொல்லிமலைச் சீமையோடு தொடர்புடையது என்பதுதான் இதில் சுவாரசியம். விரிவாகப் பார்க்கலாம்.

முயலகன் என்பது யாருடைய பெயர்?

காலடியில் கிடப்பவர் பெயர் முயலகன். குள்ள உருவம், குறுகிய கை கால், பெரிய தலை. பெரும்பாலான சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் குப்புறப் படுத்தபடி தலையை மட்டும் நிமிர்த்தி இருப்பார். கையில் ஒரு பாம்பு இருப்பதும் உண்டு.

தாருகாவனத்து முனிவர்கள் சிவன் மீது ஏவிவிட்டவற்றில் புலி, பாம்பு ஆகியவற்றோடு முயலகனும் ஒன்று என்பது புராணக் கதை. அவனைக் கீழே தள்ளி, அவன் முதுகில் ஊன்றி ஆடினார் என்று கதை போகும்.

சரி, பெயருக்கு வருவோம். தமிழில் 'முயலகன்' என்பது அந்த அசுரனின் பெயர் மட்டுமல்ல, ஒரு நோயின் பெயரும்கூட. வலிப்பு நோயைத்தான் பழைய தமிழில் முயலகன் என்றார்கள். வடமொழியிலும் இதே கதைதான். அங்கே இந்த உருவத்துக்குப் பெயர் 'அபஸ்மாரன்'. ஆயுர்வேத நூல்களில் வலிப்பு நோய்க்குப் பெயர் 'அபஸ்மாரம்'. நினைவு தப்பிப்போவது என்பது அதன் பொருள்.

அதாவது உயரம் குறைந்த உடல் ஒன்று, நினைவு தப்பும் நோய் ஒன்று. இரண்டையும் ஒரே உருவத்தில் வைத்துக் காலடியில் போட்டிருக்கிறது இந்தச் சிற்ப மரபு.

சைவ சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விளக்கம் வேறு. முயலகன் ஒரு மனிதர் அல்ல, உயிரைப் பிடித்திருக்கும் ஆணவம், அறியாமை ஆகியவற்றின் அடையாளம் என்கிறது அது. அறியாமை முற்றிலும் அழிவதில்லை, அடங்கித்தான் கிடக்கும், அதனால்தான் முயலகன் உயிரோடு கிடக்கிறான் என்று சொல்பவர்களும் உண்டு. கொழும்பில் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி 1918-ல் வெளியிட்ட 'சிவ நடனம்' பற்றிய ஆங்கில நூல் வழியாக இந்தத் தத்துவ விளக்கம் உலகம் முழுக்கப் போனது. 2004 ஜூன் 18 அன்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தில் இந்தியா பரிசளித்த 2 மீட்டர் உயர நடராஜர் சிலை திறக்கப்பட்டது. 2023-ல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் வைக்கப்பட்ட 27 அடி சிலை நம்ம சுவாமிமலை ஸ்தபதிகள் செய்தது. இரண்டிலும் முயலகன் உண்டு.

தத்துவம் படித்தவர்களுக்கு அது ஆணவம். படிக்காதவர்கள் கண்ணுக்கு அது காலுக்குக் கீழே ஒரு குள்ளமான ஆள். சுவரில் தொங்கும் படத்தோடு தத்துவ விளக்கம் சேர்ந்து தொங்குவதில்லை, உருவம் மட்டும்தான் தொங்குகிறது.

கொல்லி மழவன் மகளுக்கு என்ன ஆனது?

பெரிய புராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மழநாட்டை ஆண்ட தலைவன் கொல்லி மழவன். கொல்லிமலையின் பெயரையே தன் பெயரில் வைத்திருந்தவன். எருமப்பட்டியில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற அதே மலைதான். அவனுடைய மகளுக்கு முயலகன் நோய். எத்தனையோ மருத்துவம் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலுக்குக் கொண்டுவந்து சன்னதி முன்னால் கிடத்திவிட்டான்.

அந்த ஊர்தான் இன்றைய திருவாசி. நாமக்கல்லில் இருந்து முசிறி, குணசீலம் வழியாகத் திருச்சி போகும் சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. அங்கே வந்த சம்பந்தர், நினைவின்றிக் கிடந்த பெண்ணைப் பார்த்துவிட்டு ஒரு பதிகம் பாடுகிறார். முதலாம் திருமுறையில் இருக்கிறது. அந்தப் பதிகத்தின் தொனியைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு என்ன பாவம், போன ஜென்மத்தில் என்ன செய்தாள் என்று விசாரிக்கவே இல்லை. இந்தப் பெண்ணை இப்படி வாடவைப்பது உமக்குப் பெருமையா என்று சிவனிடமே கேள்வி கேட்கிறது. பாடி முடித்ததும் பெண் எழுந்து நின்றாள் என்கிறது புராணம்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. திருவாசி நடராஜரின் காலடியில் முயலகன் கிடையாது. அதற்குப் பதிலாகப் பாம்பு. வழக்கமான நடராஜர் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று உறைக்கும். நோயோடு வந்த ஒரு பெண்ணின் கதை நடந்த இடத்தில், அந்த நோயின் உருவம் காலடியில் இல்லை.

இன்னொன்று. இவ்வளவு சொல்லும் பெரிய புராணம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. அப்பா பெயர் தெரியும், நோயின் பெயர் தெரியும். அவள் பெயர் இல்லை.

வலிப்பு உள்ளவர்களுக்கு இன்று என்ன நிலைமை?

படத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது. 'காக்காய் வலிப்பு' என்று பேர் வைத்து, பேய் பிடித்தது, சாமி குத்தம் என்று கோயில் கோயிலாக அலைவது இன்னும் நிற்கவில்லை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை பஸ் ஸ்டாண்டிலேயே பார்க்கலாம். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாக நிற்கும். அந்த நேரத்தில் சாவி கையில் இருந்தால் சாவிக்குப் பேர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இதுதான்: சுற்றிலும் இடம் விட்டு, தலைக்குக் கீழே துண்டோ பையோ வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

உலகம் முழுக்க சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்து மாத்திரை எடுத்துக்கொண்டால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது.

ஆனால் சட்டமே ஒரு காலத்தில் வேறு மாதிரி பேசியது. 1976-ல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதி இல்லாதவர் என்ற வரி சேர்க்கப்பட்டது. 1999-ல்தான் 'வலிப்பு' என்ற வார்த்தை அதிலிருந்து நீக்கப்பட்டது. 23 வருடம் ஆகியிருக்கிறது. சட்டத்திலிருந்து போன வார்த்தை வரன் பார்க்கும் வீடுகளிலிருந்து போய்விட்டதா என்றால், பொண்ணு வீட்டுக்காரர்களையும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களையும்தான் கேட்க வேண்டும். மாத்திரையை மறைத்து வைத்துச் சாப்பிடுகிற புது மருமகள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உண்டு. வலிப்பு அதில் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. முயலகனின் இன்னொரு அடையாளமான உயரக் குறைவு சேர்க்கப்பட்டிருக்கிறது. வளர்ந்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால் அந்தப் பட்டியலில் வருவார். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது இல்லை.

வாமனனும் குள்ளம்தானே? அவர் சாமி ஆயிற்றே?

நியாயமான கேள்வி. பதில் நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்திலேயே இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் குடையப்பட்ட நரசிம்மர் குடைவரையில், அதியர் மரபினர் செய்வித்த பெரிய சுவர்ச் சிற்பங்களில் ஒன்று மாவலி கதை. குள்ளமாக வந்து மூன்றடி மண் கேட்கும் வாமனன், அடுத்த நொடி காலை வானத்துக்குத் தூக்கும் திரிவிக்கிரமன். காலத்தால் பார்த்தால், இந்த வட்டாரத்தில் உயரக் குறைவைக் காட்டும் மிகப் பழைய 'சுவர்ப் படங்களில்' ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் கவனியுங்கள். வாமனன் கடைசிவரை வாமனனாக இருப்பதில்லை. வளர்ந்துவிடுகிறார். அதுதான் கதையின் உச்சம். முயலகன் குள்ளமாகவே இருக்கிறான், அதனால் காலடியில் இருக்கிறான். குள்ளமாகப் பிறந்து, குள்ளமாகவே சைக்கிள் கடை வைத்து, கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆளுக்கு இந்த இரண்டு படத்திலும் இடம் இல்லை.

பூஜை அறையில் மாட்டும் அறுபத்து மூவர் படத்திலும் இதே மாதிரிதான். ஒரே படத்தில் 63 பேர் கைகூப்பி வரிசையாக நிற்பார்கள். அதில் நின்றசீர் நெடுமாறர் யார் தெரியுமா? கூன்பாண்டியன். சம்பந்தர் அருளால் கூன் நிமிர்ந்தது என்பது கதை. அதனால் படத்தில் நிமிர்ந்தே நிற்பார்.

அதே வரிசையில் நிற்கும் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் குளம் தூர்ந்து கிடந்ததைப் பார்க்க முடியாவிட்டாலும் தெரிந்துகொண்டு, கரைக்கும் குளத்துக்கும் நடுவே கம்பு நட்டுக் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே மண் சுமந்தவர். தனக்குத் தேவையான வசதியைத் தானே அமைத்துக்கொண்ட ஆள். இன்று நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் பதிக்கிறார்களே, அதே யோசனை. முடிவில் அவருக்குப் பார்வை கிடைக்கிறது, கேலி செய்தவர்களுக்குப் பார்வை போகிறது. கயிறு கட்டிய புத்திசாலித்தனத்தை விட இந்த முடிவைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேலி செய்தவருக்குத் தண்டனையாகப் பார்வையின்மையையே கொடுப்பது, பார்வையற்றவர்கள் காதில் எப்படி விழும் என்பதும் யோசிக்க வேண்டியது.

கோயில் சுவரிலிருந்து வீட்டுச் சுவருக்கு எப்படி வந்தது?

சாமி படங்கள் வீட்டுக்குள் பெருமளவில் வந்தது அச்சு இயந்திரத்தோடு. ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம் இதில் பெரிய பாய்ச்சல். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசி காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. வருஷப் பிறப்புக்கு மளிகைக் கடையும் ஜவுளிக் கடையும் சும்மா கொடுத்த காலண்டரில் தேதி முடிந்ததும், படத்தை மட்டும் வெட்டி சட்டம் போட்டு மாட்டிய தலைமுறை நம்முடையது.

ஐரோப்பாவில் வேறு பாதை. 1568-ல் பீட்டர் புரூகல் வரைந்த ஓவியம் ஒன்றில் 6 பார்வையற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பள்ளத்தில் விழுகிறார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழிகாட்டத் தெரியாதவன் வழிகாட்டினால் இப்படித்தான் என்ற பைபிள் உவமைதான் கரு. ஆனால் ஒவ்வொருவர் கண்ணையும் அவ்வளவு துல்லியமாக வரைந்திருப்பதால், யாருக்கு என்ன கண் நோய் என்று பின்னாளில் டாக்டர்கள் ஆராய்ச்சியே செய்தார்கள்.

அதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஸ்பெயின் அரண்மனையில் கேளிக்கைக்காக வைக்கப்பட்டிருந்த உயரம் குறைந்தவர்களை ஓவியர் வெலாஸ்கஸ் வரைந்தார். 1645-ஐ ஒட்டி வரைந்த ஒரு படத்தில் தரையில் உட்கார்ந்து நேராக நம் கண்ணைப் பார்ப்பவரின் பெயர் செபாஸ்டியன் தெ மோர்ரா. பெயர் தெரிகிறது, பார்வையில் கோபம் தெரிகிறது. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் அவர் முன்னால் நிற்பவர்கள்தான் சங்கடப்பட்டு நகர வேண்டியிருக்கும்.

நம்ம ஊரில் கம்பெனி காலத்தில் நடந்தது இதில் முதல் ரகமும் இல்லை, இரண்டாவது ரகமும் இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு விற்க ஓவியர்கள் செட் செட்டாகப் படம் வரைந்தார்கள். திருச்சி ஸ்பெஷல், காக்காப்பொன் எனப்படும் மைக்கா தகட்டில் வரைந்த சிறு படங்கள். இன்ன சாதி, இன்ன தொழில், இன்ன பண்டாரம், இன்ன பிச்சைக்காரர் என்று வகை மட்டும்தான் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. ஊருக்குக் கொண்டுபோகும் நினைவுப் பொருள் அது. கொல்லி மழவன் மகளுக்கு நடந்ததுதான் இங்கேயும்.

இப்போது இவை எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. லண்டனில் உள்ள வெல்கம் என்ற மருத்துவ வரலாற்று நூலகம் 2014 ஜனவரியில் 1 லட்சத்துக்கும் அதிகமான பழைய படங்களை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. பிறகு பல அருங்காட்சியகங்களும் இதே வழிக்கு வந்தன. ஆராய்ச்சிக்கு இது பெரிய வரம். கூடவே, அப்படிப்பட்ட பழைய படத்தை டவுன்லோடு பண்ணி, விளக்கத்தை வெட்டிவிட்டு, 'விண்டேஜ் வால் ஆர்ட்' என்று கேன்வாஸில் அடித்து விற்பதும் சுலபமாகிவிட்டது. ஒரு காலத்தில் நோயாளியாகவோ வேடிக்கைப் பொருளாகவோ உட்கார வைக்கப்பட்ட ஆள், இன்று யாரோ ஒருவரின் சோபாவுக்கு மேலே தொங்கலாம்.

இப்படி மாட்டுவது சட்டப்படி தப்பா?

சும்மா ஒரு பழைய ஓவியத்தை மாட்டுவது குற்றம் இல்லை. 2016-ஆம் ஆண்டு சட்டத்தின் 92-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது. வேண்டுமென்றே என்பது இதில் முக்கியம். கூட வேலை பார்க்கும் உயரம் குறைந்த ஒருவரை கிண்டல் செய்யவே ஒரு படத்தைத் தேடிப்பிடித்து ஆபீஸில் மாட்டினால் அது வேறு கணக்கு.

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு இந்தி சினிமா தொடர்பான வழக்கில் திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது பற்றி வழிகாட்டுதல்கள் தந்தது. தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா ஆகியோரின் அமர்வு அது. இழிவான சொற்களையும், பரிதாபத்துக்கோ அதிசயத்துக்கோ மட்டும் காட்டும் வார்ப்புகளையும் தவிர்க்கச் சொன்னது. மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு என்றும் பிரித்துச் சொன்னது. இது சினிமா முதலான காட்சி ஊடகங்களுக்கானது. சுவர்ப் படத்துக்கு நேரடியாகப் பொருந்தும் உத்தரவு அல்ல.

அப்போ நடராஜர் படத்தைக் கழற்றணுமா?

வேண்டியதில்லை. யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. வீட்டில் குழந்தை "இது யாரு?" என்று கேட்டால், "அது குள்ளன், கெட்டவன்" என்று முடிக்காமல், ஆணவத்துக்கு வைத்த அடையாளம் என்று சொல்லலாம். அப்படியே திருவாசி கதையையும் சொல்லலாம். பழைய ஐரோப்பிய ஓவியமோ கம்பெனி காலப் படமோ வாங்குபவர்கள், படத்தில் இருப்பவர் யார் என்ற தகவல் விற்பவரிடம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்கலாம். கிளினிக், ஸ்கூல், ஹோட்டல் ரிசப்ஷன் என்றால் இன்னும் கொஞ்சம் யோசிப்பது நல்லது. அங்கே எதிரில் உட்காருபவர் தானாக அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை.

கடைகளில் அதிகம் பார்க்க முடியாத ஒரு படம்

நால்வர் படத்தில் சுந்தரர் பெரும்பாலும் மணக்கோலத்தில் நகையும் பட்டுமாக இருப்பார். அவர் வாழ்க்கையில் இன்னொரு கட்டம் உண்டு. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் பார்வை இழக்கின்றன. தட்டுத் தடுமாறி திருவெண்பாக்கம் வருகிறார். அங்கே சிவனிடம் கேட்டுப் பார்க்கிறார். பார்வை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு ஊன்றுகோல்.

அதற்கு அவர் என்ன செய்தார்? கோல் கொடுத்ததற்கு நன்றி சொல்லி நகரவில்லை. கோபத்தில் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தல வரலாறு. பிறகுதான் காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொரு கண்ணும் பார்வை பெற்றதாகச் சொல்வார்கள்.

நோய் தீர்வதோ, காலடியில் நசுங்குவதோ இல்லாமல், கையில் கோலோடு கோபப்படும் ஒரு பார்வையற்றவர் என்ற வகையில் தமிழ் மரபில் இது அரிதான காட்சி. திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. கோயிலைப் பிரித்துப் பூண்டிக்குக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். சாமியின் பெயர் ஊன்றீஸ்வரர். திருவள்ளூரிலிருந்து பூண்டி போகிறவர்கள், ஒரு கொம்பு ஒடிந்த நந்தியையும், கோலோடு நிற்கும் சுந்தரரையும் இன்றைக்கும் அங்கே பார்க்கலாம்.